யார் எழுதிய கட்டுரை?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஆங்கிலக் கட்டுரை ஒன்று எழுதிவரப் பணித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஒப்படைத்தாக வேண்டும். இரவு மணி ஒன்பது ஆகிறது. பிள்ளை பேனாவைக் கடித்தவாறு உட்கார்ந்திருக்கிறான். கல்லூரியில் படிக்கும் அக்காள் அருகில் வருகிறாள். தம்பியின் முகவாட்டத்தைக் காணப் பொறுக்காமல் அவளே வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள்; அவன் எழுதிக்கொண்டு போகிறான். அரை மணி நேரத்தில் கட்டுரை முடிந்துவிடுகிறது. பெற்றோர் மகிழ்கின்றனர். மறுநாள் ஆசிரியரும் மகிழ்ந்து, "நன்று" என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். அனைவரும் மகிழ்ந்த இச்செயலில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம்.

குற்றம் காண்பது நம் நோக்கமன்று. அக்காளின் அன்பு மெய்யன்பு. அவளுக்குத் தன் படிப்பு இருக்கிறது. வீட்டு வேலை இருக்கிறது. அவற்றுக்கிடையே தம்பிக்காக அரை மணி நேரத்தை ஈந்தாள். ஆயினும், அந்த அரை மணி நேரத்தில் அவள் தம்பிக்குக் கொடுத்தது எது, அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்பது எண்ணிப் பார்க்கத் தக்க கேள்வியாகும். உதவி என்ற பெயரில் நாம் செய்வனவெல்லாம் உதவிதாமா என்னும் பெரிய கேள்வியும் இச்சிறிய கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பிள்ளையின் வீட்டுப் பாடத்தில் எவரும் கைவைக்கலாகாது, அவன் தானே தட்டுத்தடுமாறி எழுதட்டும் என்று சொல்வோர் உளர். கேட்பதற்கு இது நேர்மையின் குரலாகத் தோன்றும். ஆனால் இதில் ஓர் அநீதி மறைந்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளை அம்மொழியை உணவோடு சேர்த்து உண்டு வளர்கிறான். அவனுக்கு எவரும் உதவுவதில்லை என்று சொல்வதே பொருந்தாது. அவன் வீடே அவனுக்கு உதவிக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளின் நிலை வேறு. ஆங்கிலம் கற்கலாமா, கூடாதா என்ற வாதமே நம் முன்னோரிடையே நெடுநாள் நடந்தது. கொழும்பில் 1892ல் தோன்றி ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும், வாணியம்பாடியில் 1919ல் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரியும், 1951ல் திருச்சியில் நிறுவப்பட்ட ஜமால் முஹம்மது கல்லூரியும், அதே ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட புதுக் கல்லூரியும் அவ்வாதத்துக்குச் செயலால் விடையளித்தன. எனினும் இன்றும் தம் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கில இலக்கியப் பாடத்தைத் திறக்கும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களுக்கு உதவ மறுப்பது நேர்மையாகாது. உதவ வேண்டுமா என்பதன்று நம் கேள்வி. எதைச் செய்தால் அது உதவியாகும் என்பதே கேள்வி.

வீட்டுப் பாடம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது? ஆசிரியருக்கு அந்தக் கட்டுரையால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. மழைக்காலத்தைப் பற்றியும் நூலகத்தின் பயனைப் பற்றியும் அவர் ஆயிரம் கட்டுரைகளைப் படித்துச் சலித்தவர். அவருக்கு வேண்டியது கட்டுரையன்று. அதை எழுதிய மாணவனைப் பற்றிய செய்தியாகும். இவன் எதை அறிந்திருக்கிறான், எங்கே இடறுகிறான், அடுத்து இவனுக்கு எதைச் சொல்லித் தரவேண்டும் என்பதை அந்தத் தாள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே வீட்டுப் பாடம் என்பது மாணவன் தன் ஆசிரியருக்கு எழுதும் கடிதம் என்று கொள்ளலாம். அக்கடிதத்தில் உள்ள பிழைகளே அதன் முக்கியமான வரிகள்.

பிழை என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் காரணமற்றவையல்ல. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எ' என்றோ 'தி' என்றோ ஒரு சிறு சொல் வரவேண்டிய இடங்கள் பல உண்டு. தமிழில் அவ்வாறான கட்டாயம் இல்லை. "புத்தகம் வாங்கினேன்" என்றால் போதும். எனவே பிள்ளை அச்சொல்லை விட்டுவிடுகிறான். அரபு ஓதிய பிள்ளையிடம், 'கிதாபுன்' என்பதற்கும் 'அல்கிதாபு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைவூட்டினால், 'தி' என்பதன் பயனில் ஒரு பகுதி அவனுக்குச் சட்டென்று விளங்கும். இவ்வாறே வருகிறேன், வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என்று தமிழ் வினை எல்லா இடங்களிலும் தன் விகுதியை மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலமோ 'ஐ கோ', 'யூ கோ', 'தே கோ' என்று மாறாமல் வந்து, 'ஹி கோஸ்' என்னும் ஓரிடத்தில் மட்டும் வாலொன்றைச் சேர்த்துக்கொள்கிறது. பிள்ளை அந்த ஓரிடத்தில் தவறுவது இயல்பு. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்று தமிழில் சொல்லிப் பழகியவன், 'டிஸ்கஸ்' என்னும் சொல்லுக்குப் பின் 'அபௌட்' என்பதைச் சேர்ப்பதும் அத்தகையதே. இப்பிழைகள் அவன் மந்தன் என்பதைக் காட்டவில்லை. ஒரு மொழியில் நன்றாக வேரூன்றி நின்றுகொண்டு மற்றொரு மொழியை எட்டிப் பிடிக்க முயல்கிறான் என்பதையே காட்டுகின்றன. அக்காள் எழுதிய பிழையற்ற கட்டுரை ஆசிரியர் கைக்குப் போய்ச் சேரும்போது இச்செய்திகளெல்லாம் அழிந்துவிடுகின்றன. ஆசிரியர் இருளில் விடப்படுகிறார். தம்பிக்கு வேண்டியிருந்த பாடம் நடத்தப்படாமலே போகிறது.

அரபு இலக்கணத்தின் பேராசானாகிய சீபவைஹியைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் ஒரு நிகழ்ச்சியை இங்கு எண்ணுதல் தகும். அவர் பாரசீகர். அரபு அவருக்குத் தாய்மொழியன்று. இளமையில் பஸரா நகரில் ஹம்மாத் இப்னு ஸலமா என்னும் பெரியாரிடம் நபிமொழி பயின்று வந்தார். ஒருநாள், 'அபா' என்று ஓதவேண்டிய இடத்தில் 'அபூ' என்று ஓதிவிட்டார். சபையிலேயே ஆசிரியர் அப்பிழையைச் சுட்டிக் காட்டினார். இனி எவரும் தம்மிடம் பிழை காணாத வகையில் இம்மொழியைக் கற்பேன் என்று உறுதி பூண்ட அவர், கலீல் இப்னு அஹ்மதின் மாணவரானார். ஹிஜ்ரி 180 அளவில் மறைந்த அவர் விட்டுச்சென்ற இலக்கணப் பெருநூலுக்கு 'அல்கிதாப்', அதாவது 'நூல்' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. அன்று காலையில் அன்புள்ள நண்பர் எவரேனும் அப்பாடத்தை முன்கூட்டியே திருத்திக் கொடுத்து, அவரைச் சபையில் பிழையின்றி ஓதச் செய்திருந்தால் என்னவாகியிருக்கும்? ஒரு நாளைய வெட்கம் மிஞ்சியிருக்கும். அவ்வெட்கத்தில் பிறந்த உறுதி பிறவாமலே போயிருக்கக்கூடும்.

மத்ரஸாக்களில் இன்றும் வழங்கும் ஒரு முறையை அறிந்தோர் இதை எளிதில் உணர்வர். குறியீடுகள் இல்லாத அரபு வாசகத்தை மாணவன் உரக்க வாசிக்க வேண்டும். சொல்லின் ஈற்றை எவ்வாறு ஒலிப்பது என்பதை அவனே தீர்மானிக்க வேண்டும். ஓர் ஈறு மாறினால் அடித்தவன் அடிபட்டவனாகிவிடுவான். ஆசிரியருக்குச் சரியான ஒலிப்பு தெரியும். ஆனால் உடனே சொல்லிவிடமாட்டார். மாணவன் நின்று, திரும்பி, மீண்டும் வாசிக்கும் வரை காத்திருப்பார். தேவையானால், "இங்கே செய்தவன் யார்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பார். அந்தக் காத்திருப்பே பாடத்தின் பெரும்பகுதி.

இங்கே ஒரு தடை எழலாம். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது கல்வியை மறைப்பதாகாதா? அறிவை மறைப்பதை நம் சான்றோர் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்களே! இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆனால் மறைப்பவனுக்கும் காத்திருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுடைய நாட்டத்தில் இருக்கிறது. மறைப்பவன், மற்றவன் அறியாமலே இருக்க வேண்டும் என்று விரும்புகிறான். காத்திருப்பவனோ, மற்றவன் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே வாய்மூடி இருக்கிறான். உரிய நேரத்தில் வாய் திறக்கவும் செய்கிறான். பிள்ளை உண்மையிலேயே திணறி நிற்கும்போதும் சொல்லாமல் இருப்பது கொடுமை. அவன் எண்ணத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது மற்றொரு வகைக் கொடுமை. இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை அறிவதே உதவுவோனின் திறமை.

மொழிப் பயிற்சியின் நிலை இது. இலக்கியப் பாடத்திற்கு வந்தால் வினா இன்னும் ஆழமாகிறது. இலக்கணத்தில் விடை ஒன்று. அதை யார் சொன்னாலும் அது மாறாது. இலக்கியத்தில் கேட்கப்படுவது பிள்ளையின் தீர்ப்பு. ஒருவருக்காக மற்றொருவர் தீர்ப்புக் கூற இயலுமா?

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகனுக்கு ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' பாடமாக இருந்தது. பள்ளிகளில் பல்லாண்டுகள் பாடமாக வைக்கப்பட்ட நாடகம் அது. ஷைலாக்கின் குணத்தைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். மகனிடம் இருந்த 'கைடு' நூலில் விடை ஆயத்தமாக இருந்தது: ஷைலாக் கொடியவன், அன்டோனியோ உத்தமன். தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் கடையை மூடிவிட்டு வந்து, "கதையைச் சொல்லு, கேட்போம்" என்றார். மகன் தமிழில் சொன்னான். நண்பனுக்காக அன்டோனியோ பிணை நிற்கிறான். கடன் மூவாயிரம் டுகாட். தவணை மூன்று மாதம். தவறினால் உடலிலிருந்து ஒரு ராத்தல் சதை. கடன் கொடுத்துப் பழகிய வணிகருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. அவர் கேட்கத் தொடங்கினார். வட்டித் தொழில் செய்பவன் இந்தக் கடனுக்கு மட்டும் ஏன் வட்டி கேட்கவில்லை? வட்டி வாங்காமல் கடன் கொடுக்கும் நல்ல மனிதரான அன்டோனியோ, அதற்கு முன்பு இவனை எப்படி நடத்தினார்? மகன் புத்தகத்தைப் புரட்டினான். அன்டோனியோ அவனை நாய் என்று ஏசியதும் அவன்மேல் உமிழ்ந்ததும் அங்கே இருந்தன. தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காறித் துப்பினவனிடமே போய்க் கடன் கேட்டிருக்கிறாரே, அதை நீ எழுதினாயா?" என்றார்.

அன்றிரவு அச்சிறுவன் எழுதிய கட்டுரையில், ஷைலாக் கேட்டது கொடுமைதான், ஆனால் அவனை மனிதனாக மதிக்காதவர்கள் அவனிடம் மனிதத் தன்மையை எதிர்பார்த்தார்கள் என்னும் கருத்து இருந்தது. 'தி' வரவேண்டிய இடங்களில் வரவில்லை. 'எஸ்' என்னும் வால் பல இடங்களில் காணாமற் போயிருந்தது. ஆனால் கருத்து அவனுடையது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் அறியாத தந்தை, பட்டதாரிகள் பலர் செய்ய இயலாத உதவியைச் செய்திருந்தார்.

அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த மதிப்பெண், 'கைடு' நூலைப் பார்த்து எழுதிய மாணவனுக்குக் கிடைத்ததைக் காட்டிலும் குறைவு. இதை மறைத்துவிட்டு அறம் பேசுவது முறையாகாது. நேர்மைக்குச் சில வேளைகளில் விலை உண்டு. அதைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். மதிப்பெண்ணைக் கொண்டே கல்லூரியில் இடமும் உதவித் தொகையும் தீர்மானிக்கப்படும் உலகில், ஏழைக் குடும்பத்துக்கு அது சிறிய விலையன்று. ஆனால் இழப்பின் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவன் மதிப்பெண் இழந்தது சொந்தமாக எண்ணியதால் அன்று. எண்ணியதைப் பிழையற எழுதாததால். இதற்கு மருந்து உண்டு. எழுதி முடித்த பின், ஆங்கிலம் அறிந்த அக்காளோ ஆசிரியரோ உடனிருந்து, "இந்த வாக்கியத்தில் ஒன்று குறைகிறது, எதுவென்று பார்" என்று விரலால் சுட்டினால், அவன் கையாலேயே திருத்திக்கொள்வான். பிழையைத் திருத்திக்கொள்ளலாம். இல்லாத எண்ணத்தை எவர் கொண்டுவந்து சேர்ப்பது?

"மனனம் செய்வது நம் மரபன்றோ? பிறர் சொல்லை அப்படியே ஏற்று ஒப்பிப்பதில் குற்றம் என்ன?" என்றும் சிலர் கேட்பர். மனனம் பெருஞ்செல்வம்; அதில் ஐயமில்லை. மாணாக்கரைப் பல வகையாகப் பகுத்த நன்னூலாரும், சொன்னதைச் சொல்லும் கிளியைக் கடை மாணாக்கருக்கு உவமையாக்கவில்லை; இடை மாணாக்கருக்கே உவமையாக்கினார். ஆனால் மனனம் செய்தவர்கள் தாம் எவரிடமிருந்து பெற்றோம் என்பதை மறைக்கவில்லை. இவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரைச் சொல்லிவிட்டே நபிமொழியைச் சொல்வது கற்றோர் ஒழுக்கமாக இருந்தது. பிறர் சொல்லைப் பயன்படுத்துவது குற்றமன்று. அதைத் தன் சொல்லாகக் காட்டுவதே குற்றம். "இக்கருத்தை என் அக்காள் எனக்கு விளக்கினாள்" என்று கட்டுரையின் கீழே ஒரு வரி எழுதப் பிள்ளையைப் பழக்கினால், பாதிச் சிக்கல் அன்றே தீர்ந்துவிடும். அவ்வரியை எழுதக் கூச்சமாக இருக்குமானால், பெற்ற உதவி அளவு மீறிவிட்டது என்பதற்கு அக்கூச்சமே சாட்சி.

இந்த அளவு மீறல் இன்று உலகளாவிய வாணிகமாகிவிட்டது. மாணவர்களுக்குக் கட்டுரை எழுதி விற்கும் தொழிலை ஆஸ்திரேலியா 2020லும் இங்கிலாந்து 2022லும் சட்டமியற்றித் தடைசெய்தன. நம் நாட்டில் பிறர் எழுத்தைத் தமதாக்கிக் காட்டுவதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் விதிமுறைகள் வகுத்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தபின், விலை கொடுக்கவும் தேவையற்றுப் போயிற்று; கேட்ட நொடியில் கட்டுரை வந்து நிற்கிறது. இக்கருவியைச் சபிப்பதில் பயனில்லை. நாம் அக்காளிடம் கேட்ட அதே கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டும். "என் வாக்கியத்தில் 'தி' ஏன் வரவேண்டும்?" என்று பிள்ளை கேட்டு விளக்கம் பெற்றால் அது ஆசிரியரின் உதவியாளாகிறது. "ஷைலாக்கைப் பற்றி எழுதிக் கொடு" என்று கேட்டு வாங்கி ஒப்படைத்தால், பிள்ளை வெறும் தபால்காரனாகிறான். சட்டங்கள் விற்பவனைப் பிடிக்கலாம். வீட்டுக்குள் இரவு ஒன்பது மணிக்கு நடப்பதை எந்தச் சட்டமும் காணாது. அது பெற்றோரின் பொறுப்பிலேயே இருக்கிறது.

கட்டடத் தொழிலாளர் சுவர் எழுப்பும்போது சாரம் கட்டுகிறார்கள். சாரமின்றி உயரத்தில் வேலை நடவாது. சுவர் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தரும் துணையை இதே உவமையால் விளக்கி, உட், புரூனர், ராஸ் என்னும் மூன்று உளவியல் அறிஞர்கள் 1976ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளையால் தனியே செய்ய முடியாத பகுதியைப் பெரியவர் தாங்கிப் பிடிக்க, அவனால் இயன்ற பகுதியை அவன் செய்து முடிக்கிறான் என்பது அவர்கள் கருத்து. நாம் இதனோடு ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுரை முடிந்ததும் தாளை மூடிவைத்துவிட்டு, "நீ எழுதியதைச் சொல்" என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் சரியே. எழுதியது என்ன, ஏன் அப்படி எழுதினான் என்று அவனால் சொல்ல முடிந்தால், நாம் கட்டியது சாரம். சொல்ல முடியாமல் தாளை எட்டிப் பார்ப்பானானால், அங்கே நிற்பது சாரம் மட்டுமே. சுவர் இன்னும் எழவில்லை.

ஆங்கிலம் அறியாத பெற்றோர் இனி, "எங்களால் என்ன ஆகும்?" என்று ஒதுங்கிக்கொள்ளத் தேவையில்லை. கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று வினவலாம். எழுதியதை உரக்க வாசிக்கச் செய்யலாம். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே ஒரு பிழையோ புரியாமையோ இருக்கும் என்பதை அறிய ஆங்கிலம் தேவையில்லை. குறைந்த மதிப்பெண்ணோடு பிள்ளை வந்தால், முதலில் எண்ணைப் பாராமல், அது அவன் எழுதியதுதானா என்று பார்க்கலாம். அவன் எழுதியதுதான் என்றால் அவனைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அதன்பின் ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் அனுப்பிவைக்கலாம்.

ஆங்கிலம் அறிந்த அக்காள்மாருக்கும் அண்ணன்மாருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். தம்பியின் அருகில் அமருங்கள்; ஆனால் பேனா அவன் கையிலும் வாக்கியம் அவன் வாயிலும் இருக்கட்டும். கட்டுரை முடிய அரை மணிக்குப் பதிலாக ஒன்றரை மணி ஆகும். அந்த மேலதிக ஒரு மணி நேரமே நீங்கள் அவனுக்குத் தரும் உதவி.